மூடிய கண்களை அழித்தவர்

கடைத்தெருவில் அவரை ‘பாஸ்போர்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அதே போட்டோக் கடை, அதே முக்காலி, அதே வெள்ளைத் திரை. இரண்டு காதும் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். எடுத்த படங்களை அவர் மனைவி நாலு நாலாக வெட்டி உறையில் போட்டுக் கொடுப்பாள்.

கோயில் மண்டபச் சுவருக்குத் திருவிழாவில் ஒரு பெரிய படம் எடுக்கும் வேலையை இந்த வருடம் அவர் கெஞ்சி வாங்கினார். காதும் தாடையும் எடுத்தே காலம் போய்விடுமோ என்ற பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. கோயில் செயலாளர் கேட்டது ஒன்றுதான்: பக்தி தெரிய வேண்டும்.

முதல் நாள் ஊர்வலத்தில் அறுநூறு படம் எடுத்தார். நடந்துகொண்டே, பழக்கதோஷத்தில், கண் மூடியிருந்தவற்றையெல்லாம் அவர் கட்டைவிரல் அழித்துக்கொண்டே வந்தது. கோயில் அலுவலகக் கணினியில் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

“என்னய்யா, எல்லாரும் விசா வாங்க வந்த மாதிரி முழிக்கிறாங்க?” என்றார் செயலாளர். “நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு கொண்டா. இல்லேன்னா வீடியோக்காரர்கிட்ட சொல்லிடுவேன்.”

மறுநாள் காலை அவர் கேமராவின் அழிக்கும் பட்டன்மேல் பிளாஸ்திரி ஒட்டினார்.

“அடி விரலுக்கா, பட்டனுக்கா?” என்றாள் மனைவி. சாமிக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லையென்று அவர் நினைத்திருந்தார். திருவிழாவுக்கு வருகிறாயா என்று கேட்கவும் இல்லை.

ஊர்வலத்தில் அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கண் மூடியவர்களாகத் தேடித் தேடி எடுத்தார். கற்பூரத் தட்டோடு கண்மூடி உருகி நின்ற ஒரு பெண்ணைப் பல கோணங்களில் எடுத்து முடித்தார். அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

“எடுத்தாச்சாண்ணே? இனி நான் கும்பிடலாமா?”

அதன் பிறகு எந்த முகத்தையும் அவரால் நம்ப முடியவில்லை. எடுத்ததில் எது கும்பிடு, எது அவருக்காக? ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவிக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மனைவி தெரிந்தாள். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். கை கூப்பவில்லை. கண்ணை அகலத் திறந்து, சாமியைப் பார்த்து விரலை ஆட்டி ஆட்டி ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காதுதான் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. மூன்று தடவை அழுத்தினார். அதில் ஒன்று பரவாயில்லை.

கடைக்கு வந்து அவளிடம் காட்டினார்.

“இதையா சுவத்துல மாட்டப்போறீங்க?”

“சாமிகிட்ட அப்படி என்னதான் கேட்டே?”

“உங்ககிட்ட சொல்ற விஷயமா இருந்தா அவர்கிட்ட ஏன் போறேன்?” கேமராத் திரையில் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “குடுக்காதீங்க.”

செயலாளர் இரண்டு தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை எடுத்து, “சரியா வரலீங்க” என்றார் பாஸ்போர்ட். வேலை வீடியோக்காரருக்குப் போனது.

இப்போதெல்லாம் முக்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே அவர் பார்வை மேசைப் பக்கம் போய்விடுகிறது. படம் வெட்டிக்கொண்டிருக்கும் அவள் நிமிர்ந்து, “என்ன?” என்கிறாள்.

“ஒண்ணுமில்ல.”

“அப்ப முக்காலிப் பக்கம் பாருங்க. அவர் எவ்வளவு நேரந்தான் முழிச்சுக்கிட்டே இருப்பார்?”