எட்டரை மணிப் பூசையில் ஒரு கோணல் முகம்

மலாக்கா டவுனில் ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பது என் வேலை. அண்ணன் சிம்பாங் அம்பாட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். ஞாயிறு பூசையில் அவர்தான் பாடல்களைத் தொடங்கிவைப்பார். நடுவில் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி வாயைக் கோணிக்காட்டிச் சிரிக்கவைப்பதும் அவர்தான். சின்ன வயதில் அதற்காக அம்மாவிடம் கிள்ளு வாங்கியது நான். அதற்குள் அவர் முகம் சிறகு வைத்த சம்மனசு போல ஆகிவிடும்.

ஒருநாள், "உன் மெஷின் அப்படி என்னதான்லா செய்யுது?" என்று கேட்டார். உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் குட்டிக் காந்தங்கள், ரேடியோ அலையால் தட்டினால் எல்லாம் ஒரே தாளத்தில் சுழலும், அதுதான் ஒத்திசைவு, கண்மூடித் திறப்பதற்குள் அது குலைந்துவிடும், இன்னொரு தட்டு தட்டினால் மறுபடி கூடும் என்றேன். அண்ணன் கொட்டாவி விட்டார்.

"எஸ்டேட் பெரட்டை நெனச்சுக்கண்ணே. காலையில பேர் கூப்பிட்டு முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா கெளம்புறாங்க. ஆளுக்கு ஒரு வேகம், சிதறிடுவாங்க. விசில் ஊதுனதும் அத்தனை பேரும் திரும்பி அதே வேகத்துல நடந்தா?"

"ஒரே நேரத்துல வந்து சேர்ந்துடுவாங்க. ஆனா நடுவுல எவனாச்சும் கூட்டாளியோட கதை பேச நின்னுட்டா?"

"அவன் நேரத்துக்கு வந்து சேர மாட்டான்."

எனக்குக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் பிடிபடாததை அவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். எரிச்சலாகக்கூட இருந்தது. குவாண்டம் உலகின் சமன்பாடுகளில் போவதும் திரும்புவதும் ஒன்றுதான். அந்தச் சமச்சீர்மையால்தான் குலைந்த தாளத்தைத் திருப்ப முடிகிறது. ஆனால் அணுக்கள் ஒன்றோடொன்று உரசிக் கலந்த பிறகு, எது எங்கே மாறியது என்ற தடயம் கோடி இடங்களில் சிதறிவிடும். அத்தனையையும் ஒருசேரத் திருப்ப நம்மிடம் விசில் இல்லை. இயற்கை தடுக்கவில்லை, நமக்குத்தான் கைகூடுவதில்லை. மீளாமை என்பது அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு எட்டரை மணிப் பூசையில், இரண்டாம் பாட்டின்போது அண்ணன் வாய் இடப்பக்கம் கோணியது. நாற்பது தாண்டியும் இந்த ஆள் திருந்தவில்லையே என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துவிட்டேன். அவர் குரல் இல்லாமலே பாட்டு முடிந்தது. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன். பூசை முடிந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் டியூட்டிக்கு ஓடினேன்.

மாலை நான்கு மணிக்கு அண்ணி அவரை எங்கள் மருத்துவமனைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். பேச்சு இல்லை. வலக்கை தொங்கியது. எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்டார்.

"மத்தியானம் அசதியாப் போயி பேசாம படுத்தாரு. கை தொங்குனது ரெண்டு மணிக்கு மேலதான் இருக்கும்," என்றார் அண்ணி.

மூளையின் இரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் வரம்பு. அண்ணி சொன்னபடி பார்த்தால் இன்னும் நேரம் இருந்தது. வரம்பு தாண்டிப் போட்டால் மூளையில் இரத்தம் கசியலாம்.

"எட்டரை மணிப் பூசையிலேயே. நான் பாத்தேன்," என்றேன்.

ஊசி வேண்டாம் என்று முடிவாயிற்று. அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"பாத்துட்டா சும்மா இருந்த?"

ஸ்கேன் நான்தான் எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தது போல இருக்கவேண்டிய மூளையின் இரு பாதிகளில், இடது பாதி வெளுத்துக் கிடந்தது. காலையிலேயே வந்தது என்று படமும் சொன்னது. குலைந்ததைக் கூட்டும் இயந்திரம் தன் வேலையைப் பிசகில்லாமல் செய்துகொண்டிருந்தது. அதற்குள்ளே படுத்திருந்த அண்ணனுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எட்டு மாதமாகிறது. பேச்சு வரவில்லை. இப்போது பூசையில் என் பக்கத்தில்தான் உட்காருகிறார். போன வாரம் அவர் காதருகே குனிந்து கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு என்னைய கூப்பிட்டியா, இல்ல வெளையாடுனியாண்ணே?"

என்னையே பார்த்தார். பிறகு வாயை இடப்பக்கம் கோணிக்காட்டினார். அன்றைக்குப் பார்த்த அதே முகம். நான் சிரிக்கவேண்டும் என்று காத்திருக்கிறாரா, வேறு எதையோ சொல்கிறாரா என்று இந்த முறையும் எனக்குத் தெரியவில்லை.