கப்பலேறிய ஈக்கள்

எங்கள் தெருவில் எனக்குப் பெயர் பூச்சிக் கிராணி. பினாங்கில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணிகள் எத்தனையோ பேர் இருந்தாலும் ஈ வளர்த்துச் சம்பளம் வாங்கியவன் நான்தான். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்! எங்கோ ஒரு தீவில் புழு விழுந்து, தென்னை மரமெல்லாம் ஓலை கருகி நின்றதாம். அந்தப் புழுவை ஒழிக்கிற ஈ எங்கள் விவசாய ஆபீஸில் இருந்தது. கப்பலில் அனுப்ப வேண்டும்.

ஆபீஸ் கூரை மழைக்கு ஒழுகவே, "பெட்டியை உன் வீட்டில் வை, பத்திரம்" என்றார் துரை. வலைப்பெட்டிக்குள் நெல்மணி போலக் கூடுகள். அவற்றிலிருந்துதான் ஈ வெளிவரும். எறும்பு கண்டால் தீர்ந்தது. அதனால் மேசையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன்.

என் மனைவி ஊரிலிருந்து கப்பலேறி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தினமும் அரிசி மாவில் கோலம் போட்டு எறும்புக்குப் படியளக்கிறவள்.

ஒரு காலையில் பார்த்தால் பெட்டிக்குள் எறும்புச் சாரை! ஒவ்வொரு கிண்ணத்திலும், விளிம்புக்கும் மேசைக் காலுக்கும் நடுவே ஓர் ஈர்க்குச்சி.

"யார் வச்சது இதை?"

"நான்தாங்க. பாவம், தண்ணியில தத்தளிச்சுதுங்க. ஏறிப் பொழைக்கட்டும்னு..."

"அறிவிருக்கா உனக்கு!" என்று கத்தினேன். கூடுகளில் பாதிக்கு மேல் போய்விட்டது. வேலை போனால் போகட்டும், அந்தத் தீவுக்காரன் மரத்துக்கு யார் பதில் சொல்வது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் கோழி இறகு ஒன்றை எடுத்துவந்து, ஒரு எறும்பைக்கூட நசுக்காமல் அத்தனையையும் ஒதுக்கினாள். அதற்கப்புறம் பெட்டியை விட்டு நகரவில்லை, சோறும் அங்கேயேதான். மிஞ்சிய கூடுகளிலிருந்து ஈக்கள் வெளிவந்தபோது, "ஏங்க, ஓடியாங்களேன்! றெக்கையக் காய வைக்குது!" என்று கூப்பிட்டாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

கப்பல் நாளன்று பெட்டியைத் தூக்கினேன். "அங்க போயி இதுங்க என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

இவளிடமா சொல்வது? சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. புழுவின் மேல் முட்டையிடும். அதிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்றே வளரும்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். திறந்துவிடப் போகிறாளா?

பஞ்சைச் சர்க்கரைத் தண்ணீரில் நன்றாக நனைத்து உள்ளே வைத்தாள்.

"கப்பல்ல எனக்குப் பச்சத் தண்ணிகூட எறங்கல. ஏன்னு கேக்க ஆளில்ல," என்றாள். "யார்கிட்டயாவது சொல்லிட்டு வாங்க, இதுங்களப் பாத்துக்கச் சொல்லி."