வக்கீல் கேட்ட வீடியோ

என்னைத் திட்டிக்கொண்டே படியுங்கள், பரவாயில்லை.

என் மகள் ஸ்டெல்லா பி.யு.சி.யில், அதாவது பிளஸ் டூவில், ஃபெயிலானதற்கு போன் கேம்தான் காரணம். அந்த கேம் கம்பெனி மேல் கேஸ் போடலாம் என்று கேள்விப்பட்டு, சிவாஜிநகரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன்.

"வெறும் வாய்ப்பேச்சு கோர்ட்ல நிக்காதும்மா. போனைப் புடுங்கும்போது பொண்ணு எப்படிக் கத்துதுன்னு வீடியோ எடுத்துனு வாங்க," என்றார்.

ஆனால் அப்போது அவள் போனைத் தொட்டு இருபது நாளாகியிருந்தது. அவளே அதை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்திருந்தாள். பெற்றவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ, கேஸ் கெட்டுப்போகிறதே என்று எரிச்சல்.

போனை எடுத்து நீட்டினேன்.

"வேணாம்மா, உள்ளயே வெச்சுடு," என்றாள்.

"கொஞ்ச நேரம் ஆடுடி, ஒண்ணும் ஆவாது," என்று கையில் திணித்தேன்.

நான்காம் நாள், ஆட்டத்தின் நடுவில் ஒரு கையால் அதைப் பிடுங்கினேன். மறுகையில் என் போனில் வீடியோ ஓடியது. அலறினாள். என் மணிக்கட்டைக் கடித்தாள். வக்கீல் பார்த்துவிட்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றார்.

ஒருநாள் அந்த வீடியோவை அவளே என் போனில் பார்த்துவிட்டாள். கேஸ் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அழவில்லை. "கேஸ் முடியற வரைக்கும் நான் நல்லாயிடக் கூடாது, இல்லம்மா?" என்றாள்.

அன்றே கேஸ் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வீடியோவையும் அழித்துவிட்டேன். இப்போது அவள் எவ்வளவு கத்தினாலும் நான் படம் பிடிப்பதில்லை. பீரோ சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பூட்டி வைக்க அவள் போனைத் தருவதில்லை.

— ஒரு தாய், மர்பி டவுன், பெங்களூரு