டச்சு அவனில் வெந்த பன்றித்தொடை

என் வீட்டுக்காரர் பங்களாவில் பன்னிரண்டு வருடம் சமையல்காரராக இருந்தார். நாங்கள் இருந்தது இலங்கை மலைநாட்டில் வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். துரை வீட்டு அடுப்பு அவர் பொறுப்பு. நான் மலையில் கொழுந்து எடுத்தேன். கல்யாணமாகி ஏழெட்டு வருடமாகியும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பகல் சோறு தின்ற நாட்கள் மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. பங்களாவுக்கு விருந்தாளிகள் வருவதோ அன்றைக்குத்தான். தீபாவளி, பொங்கலுக்குக்கூட அவர் காலையில் குளித்துக் கும்பிட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மார்கழியில் துரை குடும்பம் சீமைக்கே திரும்பிப் போவதென்று முடிவானது. புதிதாக வரும் துரை கொழும்பிலிருந்து தன் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். அப்படியானால் இவருக்கு? திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் போலப் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும், எந்த மலையில் என்ன வேலை என்று அங்கே சொல்வார்கள். இதை அவர் என்னிடம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கறியில் உப்பு போதுமா என்று கேட்பதுபோலத்தான் சொன்னார்.

கடைசிச் சனிக்கிழமை துரைசாணி அவரைக் குசினிக்குக் கூப்பிட்டு, இத்தனை வருடம் இங்கே வேலை செய்தாய், இங்கிருந்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாராம். கரண்டி, பீங்கான், மேசைத்துணி என்று மற்ற வேலைக்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். இவர் மூலையில் கிடந்த கனத்த இரும்புச் சட்டியைக் காட்டினார். அதோடு, கிறிஸ்துமஸுக்கென்று கொழும்பிலிருந்து ரயிலில் வந்திருந்த பன்றித்தொடை ஒன்றையும் துரைசாணி கொடுத்துவிட்டார். உப்புப் போட்டுப் புகையில் வைத்த முழுத்தொடை, ஹாம் என்பார்கள். பண்டிகைக்கு முன்னாலேயே அவர்கள் கப்பல் ஏறுவதால் அதைத் தின்ன அங்கே ஆளில்லை.

மத்தியானம் அவர் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, தொடையைச் சாக்கில் கட்டித் தோளில் தொங்கவிட்டு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு ஏறி வந்ததைப் பார்க்க எல்லா வாசலிலும் ஆள் நின்றது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்து சட்டியை இறக்கியபோது தரை அதிர்ந்தது.

இது என்ன சட்டி என்று கேட்டேன்.

"டச்சு அவன்" என்றார்.

"எவன்?"

அவர் சிரித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அவன் என்றால் ரொட்டி சுடுகிற அடுப்பு என்றும், இந்தச் சட்டிக்கு மேலேயும் கீழேயும் தணல் போட்டால் இதுவே ஓர் அடுப்பு ஆகிவிடும் என்றும் விளக்கினார். அப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா என்றேன். துரை வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறாராம். பங்களாவில் இரும்பு ஸ்டவ் இருக்கும்போது இதற்கு யார் தணல் அள்ளுவார்கள்?

சாக்கைப் பிரித்தோம். எங்கள் வீட்டில் பன்றி புதிதில்லை. கோயிலில் கிடா வெட்டுவதுபோல, லயத்தில் யாராவது பன்றி அடித்தால் பங்கு வாங்கி மிளகு போட்டு வறுப்போம். ஆனால் இது வேறு சாமானாக இருந்தது. தோல் பழுப்பாக, தோல்பைபோல விறைத்துக் கிடந்தது. புகை வாசம் வந்தது. என் இரண்டு பெண் பிள்ளைகளும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை நக்கினார்கள். உப்பு, உப்பு என்று முகத்தைச் சுளித்தார்கள்.

"இத நீங்க தின்னுருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "வெட்டையில ஓரம் ஒடஞ்சது வாயில போட்டுருக்கேன். தட்டுல வச்சுத் தின்னதில்ல."

பன்னிரண்டு கிறிஸ்துமஸுக்கு அவர் அதைச் சமைத்திருக்கிறார். முதல் நாள் சூடாக மேசைக்குப் போகும். அடுத்த நாட்களில் பாண் ரொட்டிக்குள் வைத்துத் தின்பார்கள். பிறகு எலும்பு சூப்புக்கு. சூப்புக்குப் பிறகு எலும்பு நாய்க்கு. நடுவில் குசினிக்காரர்களுக்கு என்று ஒரு கட்டம் அதில் இல்லை.

உப்பு இறங்குவதற்கு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவேண்டும் என்றார். எங்களிடம் அந்த அளவுக்கு இருந்தது பிள்ளைகளைக் குளிப்பாட்டும் தகரத் தொட்டி ஒன்றுதான். சனிக்கிழமைக் குளியல் இல்லை என்றதும் பிள்ளைகளுக்கு அந்தத் தொடைமேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

ஞாயிறு காலையில் சட்டியை அடுப்பில் தூக்கி வைத்துத் தொடையை உள்ளே இறக்கினால், கால் எலும்பு ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மூடி மூடவில்லை. திருப்பிப் போட்டார், சாய்த்துப் போட்டார். பங்களாவில் அதற்கென்று ஒரு நீளப் பாத்திரம் உண்டாம். அது துரை வீட்டுச் சாமான்களோடு ஏலத்தில் போய்விட்டது.

பக்கத்துக் காம்பராவில் இருந்தவர் எனக்கு அண்ணன் முறை, தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடிப்பவர். அவரிடம் மரம் அறுக்கும் வாள் உண்டு. நான் போய்க் கேட்டேன். அவர் பெண்சாதியை நான் மதினி என்று கூப்பிடுவேன். முருகனுக்கு நேர்ந்துகொண்டு இறைச்சியே தொடாதவர். வாளைக் கொடுக்கலாம், ஆனால் திரும்பி வரும்போது சாம்பல் போட்டுத் தேய்த்து வெந்நீரில் கழுவித்தான் வரவேண்டும் என்று மதினி சொன்னார். அண்ணன் வாளோடு தானே வந்துவிட்டார். வாசலில் பெட்டிப் பலகையைப் போட்டு, அவர் அறுக்க, என் வீட்டுக்காரர் தொடையை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டார். பல் பிடுங்குவதைப் பார்ப்பதுபோல லயமே நின்று பார்த்தது.

பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. கறுவாப்பட்டை, மிளகு, வெங்காயம் போட்ட தண்ணீரில் தொடை மெதுவாக வெந்தது. கொதிக்கக் கூடாது, தண்ணீர் சும்மா அசைந்துகொண்டே இருக்கவேண்டும் என்று அவர் அடுப்பை விட்டு நகரவில்லை. என்னைக் கடுகு அரைக்கச் சொன்னார். புளிப்பு வினாகிரி விட்டு அம்மியில் அரைத்தேன். கண்ணில் நீர் கொட்டியது. பங்களாவில் பழுப்புச் சீனி போடுவார்களாம். எங்களிடம் அது இல்லை. கீழே கிராமத்திலிருந்து வரும் சிங்கள அம்மாவிடம் வாங்கிய கித்துள் கருப்பட்டி இருந்தது. அதைச் சீவி, அன்னாசிப் பழத்தைப் பிழிந்த சாற்றில் போட்டுக் காய்ச்சி, அரைத்த கடுகைக் கலந்தார். ஒரு சொட்டு எடுத்து என் உள்ளங்கையில் விட்டார். இனிப்பு, புளிப்பு, பின்னால் ஒரு காரம்.

"சீனியவிட இது நல்லாருக்கும்போல" என்றார். தனக்குத் தானே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது.

மத்தியானத்துக்கு முன் தொடை வெந்துவிட்டது. தண்ணீரை வடித்துவிட்டுத் தோலை உரித்தார். ஒரே இழுப்பில் சட்டை கழற்றுவதுபோல வந்தது. உள்ளே வெள்ளைக் கொழுப்பு வழவழவென்று தெரிந்தது. கத்தி நுனியால் அதில் சாய்வாகக் கோடு போட்டார், திருப்பி எதிர்ச்சாய்வாகப் போட்டார். பாய் முடைந்ததுபோல் கட்டம் கட்டமாக வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கராம்பு. இந்த வேலையைப் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சின்னவள் ஒரே கட்டத்தில் மூன்று குத்திவிட்டாள். அவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

காய்ந்த சட்டிக்குள் ஒரு பழைய தகரத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் தொடையை வைத்தார். கருப்பட்டிப் பாகைத் தடவி மூடினார். தணலுக்கு மிலாறு உதவாது என்று அவருக்குத் தெரியும். கவ்வாத்தில் வெட்டிக் கழித்த அந்தத் தேயிலைக் குச்சி பற்றி எரிந்து உடனே சாம்பலாகிவிடும். பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைக் கட்டைகளை முந்தின நாளே கொண்டுவந்து வைத்திருந்தார். அதன் தணல் கல்போல நின்று எரியும். கீழே கொஞ்சம் வைத்தார், மூடிமேல் நிறைய அடுக்கினார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. வெளியே போக வேண்டிய புகை காம்பராவுக்குள்ளேயே சுற்றியது. ஆனால் வாசனை மட்டும் எப்படியோ வெளியே போய்விட்டது. தீக்குச்சி இருக்கிறதா என்று ஒருவர் வந்தார். நாளைக்கு எந்த மலை என்று தெரியுமா என்று இன்னொருவர் கேட்டார். மதினிகூட வாசற்படிவரை வந்து, உள்ளே பார்க்காமல், ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்திருக்கிறேன், உங்களுக்கும் சேர்த்துச் சுடவா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாகு இன்னொரு கை தடவ வேண்டும் என்று அவர் குறட்டால் மூடியைத் தூக்கினார். மூடி கனம். கை கொஞ்சம் சாய்ந்தது. மேலே இருந்த சாம்பலில் ஒரு குத்து அப்படியே தொடைமேல் கொட்டியது.

அவர் மூடியைப் பிடித்தபடியே நின்றார். முகம் செத்துவிட்டது. பங்களா சாவியைக் கொடுத்துவிட்டு வந்தபோதுகூட அப்படி இல்லை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் அந்த மூடியை வாங்கிக் கீழே வைத்தேன். "அந்தப் பக்கத்த சீவிட்டு மறுபடி தடவுங்க. இங்க யாரு துரைசாணி?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துச் சாம்பல் பட்ட கொழுப்பை மெல்லியதாகச் சீவினார். ஒரு பக்கம் கட்டமும் கராம்பும் போயின. மீதிப் பாகு முழுவதையும் அங்கே ஊற்றித் தடவினார். இந்தத் தடவை மூடியை இறக்கும்போதும் தூக்கும்போதும் நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன்.

மூன்று மணி இருக்கும், வெந்து முடிந்து வெளியே எடுத்தபோது. கொழுப்பு கண்ணாடிபோல மின்னியது. நல்ல பக்கம் தேன் நிறம், சீவின பக்கம் கறுப்புச் சிவப்பு. பெட்டிப் பலகையைக் கழுவித் துடைத்து அதன்மேல் வைத்தார். கத்தியைத் தீட்டினார். கழுத்துப் பட்டன்வரை சட்டையைப் போட்டுக்கொண்டார். காகிதம்போல மெல்லிய துண்டுகளாக வெட்டித் தட்டில் விசிறிபோல அடுக்கினார். பிள்ளைகளையும் என்னையும் பாயில் உட்காரச் சொன்னார். தான் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அதைப் பார்த்துக்கொண்டு எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து அவருக்கு ஒரு தட்டை எடுத்தேன்.

"இன்னிக்கு நீங்க உக்காருங்க. நான் வைக்கிறேன்."

வேண்டாம் என்றார். பழக்கமில்லை என்றார். பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். கத்தியை நான் எடுத்துக்கொண்டேன். எனக்குக் காகிதம்போல வெட்டத் தெரியாது. விரல் கனத்துக்கு ஒரு துண்டு வெட்டி, மதினி அனுப்பிய ரொட்டியோடு, தேங்காய்ச் சம்பலோடு அவர் முன்னால் வைத்தேன். அவருடைய கைகள் மடியில் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன. பிறகு ஒரு வாய் பிய்த்துப் போட்டுக்கொண்டார்.

மெதுவாக மென்றார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு வாய் தின்றார். அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது.

"உப்பு கூடிப்போச்சு" என்றார்.

நான் தின்று பார்த்தேன். ஆமாம், கூடத்தான். ஒரே தண்ணீரில் ஊறியது போதவில்லை.

"நேத்து தண்ணி மாத்த மறந்துட்டீங்களா?"

"இல்ல. எப்பயும் போலத்தான் ஊற வச்சேன். எப்பயும் போலத்தான் அவிச்சேன்." இன்னொரு வாய் பிய்த்து மென்றார். "அப்ப பன்னெண்டு வருசமா இப்புடித்தான் குடுத்துருக்கேன். ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல புள்ள."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அத்தனை விருந்தாளிகளும் ஹாம் தின்றுவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் கேட்டது இதனால்தானா என்று மறுபடி சிரித்தார். காரணம் முழுக்கப் புரியாமலே பிள்ளைகளும் சிரித்தார்கள். மழைச் சத்தத்தையும் தாண்டி அது பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டிருக்க வேண்டும். அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். மதினிக்கு மனம் சங்கடப்படக் கூடாதென்று எங்கள் வாசலிலேயே நின்று தின்றார். உப்பைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. இன்னொரு ரொட்டி மட்டும் கேட்டார்.

உண்மையில் அந்த உப்பு எங்களுக்குப் பொருந்திவிட்டது. வெறும் ரொட்டியோடும் சோற்றோடும் தின்பவர்களுக்கு அந்த உப்பு சரிதான். தீக்குச்சி கேட்டு வந்தவருக்கும் மலை கேட்டு வந்தவருக்கும் ஒரு துண்டு போனது. பன்றி தொடாத வீடுகளுக்கு மீதி அன்னாசியை அறுத்து அனுப்பினேன். அவர் கடைசிவரை பாயைவிட்டு எழவே இல்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பகல் வெளிச்சத்தில் அவர் எங்கள் காம்பராவில் அப்படி உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் பெரட்டுக்கு இறங்கினோம். அவருக்கு மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வெட்டும் வேலை கொடுத்தார்கள். மண்வெட்டி பிடித்து முதல் வாரமே உள்ளங்கை கொப்பளித்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். ஆனால் நாலரை மணிக்கு வீட்டில் இருந்தார். நான் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வரும்போது அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். பருப்புக்குள் எலும்பைப் போட்டு அவர் வைத்த குழம்பை மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து இவரைத் திரும்ப வரச்சொல்லிப் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. கொழும்புச் சமையல்காரருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம், ஊருக்குப் போய்விட்டாராம். என் வீட்டுக்காரர் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு நாள் யோசித்துவிட்டுப் போய், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கவேண்டும், அதற்குச் சம்மதம் என்றால் வருகிறேன் என்று கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. புதுத் துரை சரி என்று சொல்லிவிட்டார்.