மைதீன் போட்டுக் கொடுத்த பூட்டு

சாரல் அப்போதுதான் பிடித்திருந்தது. குற்றாலத்தில் எங்கள் லாட்ஜ் வாசலில் நின்று, குளித்துவிட்டு ஈரத்தோடு உள்ளே வருகிறவர்களைக் காலைத் துடைத்துவிட்டு வரச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேனேஜர் செல்லத்துரை போனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். ரூம் இல்லை என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லுகிறவன் முகத்தில் அன்றைக்குச் சிரிப்பு இல்லை. என்னலே என்று அதட்டிய பிறகுதான் சொன்னான்.

“ஆச்சி, மைதீன் அண்ணாச்சி மௌத்தாயிட்டாவளாம். நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவும்போதே உசுரு போயிட்டாம்.”

தென்காசியில் அவர் வீட்டுக்குப் போய் இறங்கினால், தெரு அடைத்து நம் ஆட்கள். சீசன் நாளில் கவுண்டரை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்களோ, அத்தனை லாட்ஜ்காரர்களும் அங்கே நின்றார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு திடமாகிவிட்டது. ஒரு மனிதனுக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்?

நம் லாட்ஜ்காரர் சங்கத்து மலரில் மைதீனைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, நானே எழுதுகிறேன் என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கம்ப்யூட்டர்காரரைப் பற்றி என்ன எழுதிவிடப் போகிறாள் என்று சிலருக்குச் சிரிப்பு இருந்திருக்கும். இருக்கட்டும். அவர் செய்த வேலை என்ன என்று எனக்குத் தெரியும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் பேத்தி இதைப் படித்துவிட்டு, ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் ஆச்சி என்று சொல்லிவிட்டாள். அவள் என் பேத்தி, வேறு எப்படிச் சொல்லுவாள்?

வளைகுடாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் காத்துவந்தவர் மைதீன். ஊர் திரும்பித் தென்காசியில் ஆபீஸ் போட்டதும் முதலில் வந்தது எங்கள் லாட்ஜுக்குத்தான். பில் போடுகிற மெஷினைப் பார்க்க வந்தவர், செல்லத்துரையின் போனைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தங்க வருகிறவர்களின் ஆதாரை நாம் எல்லோரும் போனில்தானே படம் பிடித்து வைத்திருந்தோம். செல்லத்துரை போனில் அவன் மகள் மொட்டையடித்த படமும், கோவில்பட்டியிலிருந்து தங்க வந்த ஒரு குடும்பத்தின் ஆதாரும், ஐந்தருவியில் அவன் குளிக்கிற படமும் வரிசையாக இருந்தன.

“ஏலே, இந்தப் போனு அருவியில விழுந்தா உன் படம் மட்டுமா போவும்? எவன் கைலயாவது சிக்குனா?” என்று கேட்டார். அவன் போனைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

அப்புறம்தான் எல்லாவற்றையும் எடுத்து, எங்கேயோ பெரிய கம்பெனி ஒன்று வாடகைக்கு விடுகிற கிளவுட் பெட்டியில் பூட்டி வைத்தார். நமக்கு ஒருவருடைய ஆதார் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் கேட்க வேண்டும். அது ஒரு லிங்க் தரும். அந்த லிங்க்கிலேயே, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு ரகசியச் சாவியால் போட்ட கையெழுத்து இருக்கும், இத்தனை நேரம் வரைக்கும்தான் செல்லும் என்கிற கெடுவும் இருக்கும். அமுக்கினால் பாஸ்வேர்டு கேட்காது. படம் நேரே அந்தப் பெட்டியிலிருந்து வந்து நிற்கும். கெடு முடிந்தால் திறக்காது.

யார் அமுக்கினாலும் திறக்குமா என்று கேட்டேன். யார் அமுக்கினாலும் திறக்கும் என்றார்.

“அப்ப இது கோயில் வாசல்ல செருப்பு விடுத டோக்கன் மாதிரில்லா இருக்கு? டோக்கன் கொண்டு வாறவன் கால் அளவையா அவன் பாக்குதான்? எடுத்துக் குடுத்துருவான்.”

மைதீன் சிரித்துவிட்டு, செருப்பு டோக்கனேதான் ஆச்சி என்றார். பிறகு போகிற இடமெல்லாம் இதைத்தான் சொல்லி விளக்கினார். உங்களில் பலருக்கும் சொல்லியிருப்பார். அது நான் சொன்னது என்பதையும் சேர்த்தே சொல்லியிருப்பார். அடுத்தவர் பேச்சைத் தன் பேச்சாக்கிக்கொள்கிற ஆள் இல்லை.

பாஸ்வேர்டு கேட்கிற மாதிரியே வைத்தால் என்ன என்று நானும் விடாமல் கேட்டேன். அவர் கவுண்டருக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைக் காட்டினார். பில் மெஷினின் பாஸ்வேர்டைச் செல்லத்துரை அதில் பெரிதாக எழுதி வைத்திருந்தான். அதோடு, ஒவ்வொரு படமும் நம் கம்ப்யூட்டர் வழியாகவே போய் வந்தால் சீசன் கூட்டத்தில் அது படுத்துவிடும் என்றார். “பத்திரம்னு தனியா ஒண்ணு கிடையாது ஆச்சி. எதக் குடுத்து எத வாங்குதோம்னு தெரிஞ்சு வாங்கணும், அவ்வளவுதான்.” இதை அவர் வாயால் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டீர்கள்.

கெடுவில்தான் சண்டை. முதலில் ரொம்பக் குறைச்சலாக வைத்தார். நம் ஊர் சங்கதி தெரிந்ததுதானே. சாரல் விழுந்தால் டவர் போய்விடும். படம் பாதி இறங்கும்போதே கெடு முடிந்துவிடும். துண்டைக் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்கிய பிள்ளைகளோடு ஆட்கள் நிற்க, செல்லத்துரை திரும்பத் திரும்ப லிங்க் கேட்டுக்கொண்டிருப்பான். எல்லா லாட்ஜிலும் இதே கூப்பாடு. மைதீன் யோசித்து யோசித்து, மனசில்லாமல்தான் ஒரு நாள் முழுக்கச் செல்லும்படி மாற்றினார்.

அந்த ஒரு நாளில்தான் அது நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் ஒரு பையனும் பெண்ணும் வந்தார்கள். கல்யாணம் பதிவு செய்த பேப்பரை, நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே பையன் எடுத்து நீட்டினான். அந்தப் பெண் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்குத் தெரியாமல் செய்த கல்யாணம் என்று ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ரூம் காலி இல்லை. சீசனில் நாம் என்ன செய்வோம்? ஒரு லாட்ஜில் இல்லையென்றால் அடுத்த லாட்ஜில் கேட்டுக் கொடுப்போம். அங்கே போய் மறுபடி ஆதாரை எடுக்க வேண்டாமே என்று அதையும் நம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவோம். வந்தவர்களுக்குச் சிரமம் இல்லாமல் இருக்க நாம் செய்கிற உபகாரம் அது. செல்லத்துரையும் அப்படித்தான் அந்தப் பெண்ணின் ஆதார் லிங்க்கைப் போட்டான். சற்று நேரத்தில் எங்கள் மாடியிலேயே ஒரு ரூம் காலியாக, அவர்களை அங்கேயே ஏற்றிவிட்டோம். லிங்க் குரூப்பில் கிடந்தது.

அந்தக் குரூப்பில் நாம் மட்டுமா இருந்தோம்? ரூம் பிடித்துக் கொடுக்கிறவர்கள், வேன் ஓட்டுகிறவர்கள், யார் யாரோ இருந்தார்கள். அதில் ஒருவன் அந்தப் பெண்ணின் மாமாவுக்குத் தெரிந்தவன்.

மத்தியானம் பக்கத்து லாட்ஜ் அண்ணாச்சி போன் செய்தார். காரில் சில பேர் வந்திருக்கிறார்கள், ஒருவன் மட்டும் இறங்கி வந்து போனில் ஒரு பெண்ணின் ஆதாரைத் திறந்து காட்டி விசாரிக்கிறான், ஆட்களின் முகம் சரியில்லை, லிங்க் உங்கள் லாட்ஜுடையது போலத் தெரிகிறது என்றார். லிங்க்கின் நடுவிலேயே எங்கள் லாட்ஜ் பெயர் ஆங்கிலத்தில் இருந்ததாம். படிக்கத் தெரிந்தவன் நேரே எங்கள் வாசலுக்கு வந்துவிடலாம்.

மைதீன் ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்த லிங்க்கை இப்போதே செல்லாமல் ஆக்கு தம்பி என்றேன்.

“அது ஒண்ண மட்டும் செல்லாம ஆக்க முடியாது ஆச்சி. குடுத்த டோக்கன் குடுத்ததுதான். படத்த வேற இடத்துக்கு மாத்திருதேன், அமுக்குனா ஒண்ணும் வராது. ஆனா பாத்த கண்ண நான் மூட முடியாது. அந்தப் புள்ளையள மாடிய விட்டு இறக்காதீய. வாரேன்.”

நான் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கார் வந்து நின்றது. இறங்கியவர்களில் பெரிய மீசைக்காரர்தான் மாமா போல. எங்கள் வீட்டுப் பெண் இங்கே தங்கியிருக்கிறது, கூப்பிடுங்கள் என்றார். இங்கே யார் தங்கியிருக்கிறார்கள் என்பதைப் போலீஸ் கேட்டால் சொல்லுவேன், உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்றேன். ஆதாரம் இருக்கிறது என்று கூட வந்தவனை முன்னால் தள்ளினார். அவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி லிங்க்கை அமுக்கினான். வெள்ளையாக நின்றது. மறுபடி அமுக்கினான். மறுபடியும் வெள்ளை. பார்த்ததைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவனுக்குத் தோன்றவில்லை. வேண்டும்போது திறக்கும் என்று லிங்க்கையே நம்பியிருந்தான்.

“இப்பதானலே பாத்தேன்னு சொன்ன?” என்றார் மாமா.

“டவர் இல்ல அண்ணாச்சி.”

“காலையிலருந்து டவரு, டவருன்னு எந்தெந்த லாட்ஜுக்குலே எங்களக் கூட்டிக்கிட்டு அலைய?”

அவர்களுக்குள்ளேயே சண்டை வலுத்தது. வேறு பெண்ணின் ஆதாரைப் பார்த்துவிட்டு உளறுகிறாயா என்று இன்னொருவன் கேட்டான். நான் எழுந்து நின்று, சத்தம் போடுவதாக இருந்தால் ரோட்டில் போய்ப் போடுங்கள், உள்ளே குழந்தைகள் தூங்குகின்றன என்றேன். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டவர் தேடி அவர்கள் மெயின் ரோட்டுப் பக்கம் நகர்ந்தார்கள்.

அதற்குள் பின்வாசலில் மைதீனின் கார் வந்துவிட்டது. அவர் தனியாக வரவில்லை; மனைவி ஜெய்னம்புவையும் கூட்டி வந்திருந்தார். பையன் முன் சீட்டில் ஏற, ஜெய்னம்பு அந்தப் பெண்ணைத் தன்னோடு பின் சீட்டில் உட்கார வைத்து, மடியில் பிரியாணிப் பொட்டலத்தை வைத்து, சாப்பிட்டுக்கொண்டே வா என்றாள். பார்க்கிறவர்களுக்குச் சொந்தக்காரர்கள் குற்றாலம் பார்த்துவிட்டுத் திரும்புகிற மாதிரி இருந்தது. செங்கோட்டையில் அந்தப் பிள்ளைகளை ரயிலில் ஏற்றிவிட்டுத்தான் மைதீனும் ஜெய்னம்புவும் வீடு திரும்பினார்கள். அந்தப் பெண் இன்றைக்கு நன்றாக இருக்கிறது. எங்கே என்று எழுத மாட்டேன். எழுதினால் மைதீனுக்குப் பிடிக்காது.

வீட்டுக்குப் போனதும் அவர் செய்த அடுத்த வேலை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் குரூப்பில் இன்னும் யார் யாருடைய ஆதாரெல்லாம் திறந்து கிடக்கிறதோ என்று, கையெழுத்துப் போடுகிற சாவியையே மாற்றிவிட்டார். அப்போது எல்லா லாட்ஜுக்கும் ஒரே சாவி. குற்றாலம் முழுக்க ஒரு லிங்க்கும் திறக்கவில்லை. சீசன் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில்! ஆளாளுக்கு அவரைக் கூப்பிட்டு ஏசினீர்கள். ஏன் என்று காரணம் சொல்லியிருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டீர்கள். சொன்னால் அந்தப் பெண்ணின் கதை ஊருக்குத் தெரிந்துவிடும் என்று எல்லா ஏச்சையும் வாங்கிக்கொண்டார். அவர் இல்லாத இன்றைக்காவது அது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான், ஜெய்னம்புவிடம் கேட்டுக்கொண்டு, பெயரோ ஊரோ இல்லாமல் இதை எழுதுகிறேன்.

மறுநாள் வந்தவர், ஒரு நாள் கெடு வைத்தது தன் தப்பு என்றார். மழையின் தப்பு என்றேன் நான். மழைக்குத் தகுந்த மாதிரி யோசிப்பதுதான் என் வேலை என்றார். அதன்பின் லாட்ஜுக்கு ஒரு சாவி ஆனது. லிங்க்கில் இருந்த லாட்ஜ் பெயர் போய், அர்த்தமில்லாத எழுத்துகள் வந்தன. படத்தை டவருக்குத் தகுந்தபடி சின்னதாக்கி, கெடுவையும் குறைத்தார். ரூம் கேட்டு அனுப்பும்போது எத்தனை பேர் என்பது மட்டும் போகும், ஆதார் போகாது. கெடு முடியாத லிங்க் ஒன்று போட்டுத் தரச் சொல்லி நம்மில் ஒருவர் (யார் என்று அவருக்கே தெரியும்) நச்சரித்தபோது, “அதுக்கு ஆதார பிரேம் போட்டு வாசல்ல மாட்டிரலாமே அண்ணாச்சி” என்று கேட்டது ஊரே சிரித்த கதை.

எங்கள் லாட்ஜ் சாவியை மாற்றுகிற பட்டனை என் போனிலேயே வைத்துக் கொடுத்தார். செல்லத்துரையிடம் அல்ல, பேத்தியிடம் அல்ல, என்னிடம். அமுக்கினால் நாங்கள் கொடுத்த லிங்க் எல்லாம் அந்த நிமிஷமே செத்துப்போகும், கோபத்தில் அமுக்கிவிடாதீர்கள் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். “வேலைய விட்டுப் போறவன் எவனா இருந்தாலும் அன்னைக்கே சாவிய மாத்திரணும். நானா இருந்தாலும்.”

அவரை அடக்கம் செய்த மறுநாள் ஜெய்னம்பு போன் செய்தாள். அழுது ஓய்ந்த குரல். அவருடைய லேப்டாப்பில் எல்லோருடைய சாவியும் அப்படியே இருக்கிறது, அவிய சொன்னத செஞ்சிருங்க ஆச்சி என்றாள். கவுண்டரில் கூட்டம் இருந்தது. செல்லத்துரையிடம் கொஞ்ச நேரம் யாருக்கும் லிங்க் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு அமுக்கினேன். மற்ற லாட்ஜ்காரர்களும் அன்றே மாற்றிவிட்டார்கள் என்று அறிந்தேன். அவருக்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்.

புது வேலை எதைப் போட்டாலும் மைதீன் எனக்கு ஒரு லிங்க் அனுப்பிச் சோதித்துப் பார்ப்பார். சோதனைக்கு வைத்திருந்த படம், நான் கவுண்டரில் உட்கார்ந்து முறைக்கிற படம். இந்த மூஞ்சியைப் பார்த்தால் ஒரு பயலுக்கும் திருட மனசு வராது என்பார். போவதற்கு முந்தின நாளும் ஒன்று அனுப்பியிருந்தார். வேலை மும்முரத்தில் நான் பார்க்கவில்லை. இப்போது அமுக்கினால் அந்தப் படம் வராது. முன்போல வெறும் வெள்ளையும் வராது. கெடு முடிந்த லிங்க்குக்கென்று அவர் தமிழில் எழுதி வைத்த வரி வருகிறது: ‘நேரம் முடிஞ்சிட்டு. வேணும்னா கேளுங்க, புதுசு தாரேன்.’

அவர் நினைவாக நான் வைத்திருப்பது அந்த லிங்க்கைத்தான். போனை மாற்றினாலும் அதை மட்டும் பத்திரமாக எடுத்துத் தர வேண்டும் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். திறக்காத லிங்க்கை வைத்து என்ன ஆச்சி செய்யப் போகிறீர்கள் என்று செல்லத்துரை கேட்டான். திறக்கவில்லை என்றால் மைதீன் செய்த வேலை இன்னும் சரியாக இருக்கிறது என்று அர்த்தமடா என்றேன்.