சத்தம் வராத தோட்டா

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் மருந்து நிரப்பிச் செய்த தோட்டாவை இன்னொருவர் சுடமாட்டார். பல் துலக்கும் பிரஷ் மாதிரிதான் அதுவும். மருந்து கொஞ்சம் கூடிப்போனால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும். அந்தப் பழியைக் கொடுக்கவும் ஆள் கிடையாது, வாங்கவும் ஆள் கிடையாது. டெல்மர் ஸ்டாக்கரும் நானும் அடுத்தடுத்த பண்ணைக்காரர்கள், வயோமிங்கின் இதே குளிர்காற்றில் கிழடு தட்டியவர்கள். அவன் கேட்டால் என் டிராக்டரைக் கொடுப்பேன், ரத்தம்கூடக் கொடுப்பேன். ஆனால் அவன் தோட்டா ஒன்றுகூட என் துப்பாக்கிக்குள் ஏறியதில்லை. அவனைத் தவிர அதைச் சுடுகிற ஒரே ஆள் அவன் மனைவி நெட்டா.

அதுவும் அவனுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான். வலது கை உதறத் தொடங்கியது. துப்பாக்கி பிடிக்க முடியவில்லை. கொயோட்டிகளுக்கு அந்த இரக்கமெல்லாம் ஏது? நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சின்னது, இரண்டையும்விடக் களவாணி. ஆடுகள் குட்டி போடும் பருவம் வந்தால் தொழுவத்தைச் சுற்றியேதான் அலையும். எனவே நெட்டா துப்பாக்கியை எடுத்தாள். டெல்மரின் பெரிய ரைஃபிள் அவள் தோளைக் கன்றிப்போக வைத்தது. புதிதாக என்ன வாங்குவது என்று சமையலறை மேசையில் ஒரு மகாநாடு நடந்தது.

"என்னோட இருபத்திரண்டு-இருநூத்தம்பது ரைஃபிள் மாதிரி ஒண்ணு வாங்குங்க. மின்னல் மாதிரி போகும்" என்றேன்.

"மின்னலு போயி எங்க நிக்கும்?" என்றாள் நெட்டா. "நீ சுட்டா கொயோட்டியத் தாண்டி, வேலியத் தாண்டி, உன் வீட்டுக் கக்கூஸ்லதான் போயி நிக்கும்."

டெல்மர் சிரிக்கவில்லை. "கொயோட்டிக்குப் பின்னாடி எப்பவும் என் ஆடு நிக்கும் வெர்ன். குண்டு உள்ள போகணும், வெளிய வரக் கூடாது. உறைஞ்ச தரையில பட்டுத் தெறிக்கவும் கூடாது."

அப்படித்தான் அவன் இருநூற்று இருபத்து மூன்று என்கிற ரகத்தைத் தேர்ந்தெடுத்தான். தோளை உதைக்காத சின்னத் தோட்டா. அதற்கு மெல்லிய செம்புத் தோல் போர்த்திய லேசான குண்டு. உள்ளே போனதும் பொடிப்பொடியாகிவிடும்.

"அதே குண்டு போட்டுக் கடையிலேயே விக்கிறானேடா" என்றேன்.

"கடைக்காரனுக்கு எங்க வீட்டுத் துப்பாக்கியத் தெரியுமா?"

உண்மை வேறு. வைக்கோல் தூக்க முடியாத, ஆடு ஈனும்போது குட்டி இழுத்துப்போட முடியாத மனிதனுக்கு, உட்கார்ந்து செய்யத் தோட்டா நிரப்புகிற அந்த ஒரு வேலைதான் மிச்சமிருந்தது. பித்தளைக் கூட்டைத் துடைத்து, அடியில் தீப்பொறி போடும் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்துவான். எங்கே துப்பாக்கி வெடித்தாலும் தன் தோட்டாதானா என்று அவன் காது அங்கே போய்விடும். எனக்கு அது தெரியும், நெட்டாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் மாதம் ஒரு காலை, பனி பெய்து ஓய்ந்திருந்தது. நெட்டா தொழுவத்துப் பின்னால் படுத்திருந்தாள். கொயோட்டி கல்லெறி தூரத்துக்கே வந்துவிட்டது. விசையை அழுத்தினாள். பாட்டில் மூடி திறந்த மாதிரி ஒரு 'டப்'. அவ்வளவுதான்.

கொயோட்டி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு ஆட்டுக்குட்டியை நோக்கி மேலும் நடந்தது. நெட்டாவின் கை பழக்கதோஷத்தில் அடுத்த தோட்டாவை ஏற்றப் போனது. போன கையை அவளே பிடித்து நிறுத்தினாள். கூட்டில் மருந்து இல்லை, கேப்பு மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளியிருக்கிறது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளந்து அவள் முகம் போய்விடும். எழுந்து நின்று கத்தினாள், தொப்பியைக் கழற்றி எறிந்தாள். கொயோட்டி குட்டியைக் கவ்விக்கொண்டு சாவகாசமாகப் போனது.

நேரே என்னிடம்தான் வந்தாள். பித்தளைக் கம்பியை விட்டுத் தட்டி, குழலுக்குள் சிக்கியிருந்த குண்டை வெளியே எடுத்துக் கொடுத்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

"டெல்மர்கிட்ட என்ன சொன்ன?"

"சுடறதுக்குள்ள ஓடிப்போச்சுன்னு. சத்தமும் கேக்கல, நம்பிட்டான்."

"நல்லா இருக்கு! செத்தப்புறம் சொல்லலாம்னு இருக்கியா?"

"சொன்னா விட்டுடுவான் வெர்ன். அதையும் விட்டுட்டா சன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்தே கெடப்பான்." பையிலிருந்த மற்ற தோட்டாக்களை மேசையில் கொட்டினாள். "இதுலயும் மருந்து இல்லாதது இருக்கான்னு எடை போட்டுப் பாரு. அவன்கிட்ட வாயத் தொறந்தே, நாக்க அறுத்துடுவேன்."

எடை போட்டேன். எல்லாம் சரியாக இருந்தன. வாயையும் மூடிக்கொண்டேன்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, மறுபடி நிரப்பலாம் என்று சுட்ட கூட்டைத் தரையில் விடமாட்டோம். நெட்டாவும் அந்தக் கூட்டைச் சட்டைப்பையில் போட்டிருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் யோசிக்காமல் மற்றவற்றோடு காபி டின்னில் கொட்டியும் இருக்கிறாள்.

அடுத்த வாரம் அவர்கள் மேசையில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். நெட்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். டெல்மர் அழுத்து இயந்திரத்தின் கைப்பிடியை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தான். வெடித்த கூடு வீங்கியிருக்கும், அதை இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வலு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முனகினான். ஒன்று மட்டும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது.

அவன் நிறுத்தினான். கூட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். அதன் வாயில் கரி இல்லை. நான் காபிக் கோப்பையின் அடியை ஆராய்ந்தேன்.

"நெட்டா. இது வெடிக்கவே இல்ல."

அவள் குழாயை மூடினாள்.

"இதுல நான் மருந்து போடல."

"ஒண்ணே ஒண்ணுதான்."

"குண்டு எங்க?"

"வெர்ன் எடுத்துட்டான்."

என்னைப் பார்த்தான். "நீயும் கூட்டாடா?" பிறகு அவளிடம், "அடுத்தத சுட்டிருந்தா?"

"சுடலயே."

"சுட்டிருந்தா நெட்டா?" இயந்திரத்தைத் தள்ளிவிட்டான். "இனிமே கடையில வாங்கிக்க. இல்லாட்டி இவன் போட்டுக் குடுப்பான்."

"அடுத்தவன் போட்டத நான் சுடமாட்டேன்."

"நான் போட்டத மட்டும்?"

"நீ என்ன அடுத்தவனா?" என்றாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு டார்ச்சை எடுத்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ மருந்து போடு. நான் பாக்குறேன்."

அவன் இயந்திரத்தைத் திரும்ப அருகில் இழுத்தான். பிறகு தராசுத் தட்டை எடுத்தான். கை உதறிச் சிந்தியது. மறுபடி நிறுத்தான். மரக்கட்டைக் குழிகளில் கூடுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் அவள் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்து, "இருக்கு" என்றாள். அவள் சொன்ன பிறகே அவன் குண்டை வைத்தான். "இருக்கு... இருக்கு..." எனக்குக் கண் கலங்கியது, காபி சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

சில நாள் கழித்து அவர்களுக்கு வைக்கோல் இறக்கப் போயிருந்தபோது டெல்மர் சன்னலோரம் இருந்தான். தொழுவத்துப் பக்கமிருந்து படீரென்று ஒரு வெடி, முழுசாக. அவனுடைய உதறும் கை என் சட்டையைப் பிடித்தது.

"கேட்டியாடா?"

"கேட்டேன்."

நெட்டா கொயோட்டியின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் பின்னால் ஆடுகள் அத்தனையும் அடிபடாமல் நின்றிருந்தன. டெல்மர் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டேன், இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் கேட்காததை. "எனக்கும் ஒரு பெட்டி போட்டுக் குடேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உன் மின்னல நாளைக்குக் கொண்டு வா. துப்பாக்கியப் பாக்காம போடமாட்டேன்" என்றான்.