எங்கள் தியேட்டருக்கு வந்த தீபாவளிப் படம்

கொரோனா ஊரடங்கு முடிந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருந்த சமயம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாமனார் காலத்திலிருந்து நடந்துவந்த எங்கள் தியேட்டர், பூட்டியது பூட்டியபடியே கிடந்தது. அதைப் புதுப்பித்துத் திறந்தே தீருவது என்று என் கணவர் இறங்கினார். பழைய நாற்காலிகளைக் கழற்றி, ஓட்டை விழுந்த கூரை ஷீட்டுகளையும் இறக்கியாகிவிட்டது. அப்படி வேலை பாதியில் நிற்கும்போதுதான் ஒருநாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு அந்தத் தொழிலில் ஒன்றும் தெரியாது. சிதம்பரத்திலிருந்து என் தம்பி வரும்போதெல்லாம், "வித்துட்டு எங்களோட வந்துடுக்கா. அத வச்சிக்கிட்டு நீ ஒண்டியா என்ன பண்ணுவ?" என்பான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இடத்தைப் பார்க்க ஆள் வருவதாகச் சொன்ன ஒரு காலையில், கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன்.

வாங்க வருகிறவருக்கு முன்னாலேயே வேறொருவர் வந்து நின்றார், பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் திருப்பாதிரிப்புலியூரில் தியேட்டர் நடத்துபவர். ஏதோ ஒரு பொங்கல் படத்தை யார் யாரிடமிருந்து பறித்தார்கள் என்ற தகராறில், அவருக்கும் என் கணவருக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாண வீட்டில் எதிரெதிரே பந்தியில் உட்கார நேர்ந்தாலும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அடக்கத்தன்றுகூட அவர் சர்ச்சுக்குள் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே வந்தவர் அண்ணாந்து பார்த்தார். கூரை இருந்த இடத்தில் வானம்தான் தெரிந்தது.

"மழைக்கு முந்தி கூரையைப் போட்டுடணும்மா. தண்ணி எறங்குனா செவுரு நிக்காது."

"நான் விக்கப் போறேண்ணே" என்றேன்.

அவர் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு, "அவன் உசுரோட இருந்தா என்னை உள்ள விட்டிருக்க மாட்டான். நானும் வந்திருக்க மாட்டேன். ஆனா இதத் தொறக்கணும்னு அவன் அலைஞ்சது எனக்குத் தெரியும். விக்கிறதுன்னா தொறந்து ஒரு வருசம் ஓட்டிட்டு வித்துக்க. இப்படியே விக்காத" என்றார்.

எந்த தைரியத்தில் சரி என்று சொன்னேனோ தெரியாது.

அதன்பிறகு அவரே கூரை போடுகிறவர்களை அழைத்துவந்தார். ஸ்பீக்கர் எங்கே மாட்டுவது, புது நாற்காலிகளை எத்தனை இடைவெளியில் போடுவது என்று எல்லாவற்றிலும் கூடவே நின்றார். என்னை முதல் வரிசையின் மூலையில் உட்காரவைத்து, "கழுத்து வலிக்குதா பாரு. ஓனர் நடுவுல உக்காந்து பாத்தா ஒண்ணும் தெரியாது" என்பார். வீட்டிலிருந்து காபி வரவழைத்தால் மட்டும் குடிக்க மாட்டார். பழைய கோபத்தின் மிச்சமோ என்னவோ, ஏன் என்று நானும் கேட்கவில்லை.

தீபாவளிக்குத் திறப்பது என்று முடிவானது. ஆனால் பெரிய படத்தை எங்களுக்குத் தர விநியோகஸ்தர் மறுத்துவிட்டார். கடலூரில் அதை ஏற்கெனவே அந்த அண்ணன் தியேட்டருக்குத்தான் பேசியிருந்தார்களாம். என் எதிரிலேயே அண்ணன் விநியோகஸ்தருக்குப் போனைப் போட்டார். "எனக்குச் சொன்ன படத்தை இந்தம்மாவுக்குக் குடுத்துடுங்க. பணத்துக்கு நான் ஜவாப்தாரி."

நான் பதறிப்போய், "அப்ப நீங்க என்னண்ணே போடுவீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு ரெகுலரா வர்ற ஜனம் இருக்கும்மா. எதப் போட்டாலும் வருவாங்க."

தீபாவளியன்று காலைக்காட்சி. தெருமுனை வரை கூட்டம். படம் தொடங்கியதும் கைதட்டலும் விசிலும் வெளியே வரை கேட்டன. இதைப் பார்க்க வேண்டிய என் கணவர் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். அந்த அண்ணனையும் காணவில்லை. எங்கே அவர் என்று டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா? அவுங்க தியேட்டர நேத்தே மூடிட்டாங்களே" என்றார்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ பிடித்துப் போனேன். அந்த தியேட்டரின் வாசல் கேட்டில் சங்கிலி தொங்கியது. சுவரில் போஸ்டரே இல்லை. அவர் மட்டும் வேட்டி சட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே இது?"

"என் பசங்க வித்துட்டாங்கம்மா. நான் ஒந்தியேட்டருக்கு மொதமொதல்ல வந்தேன் பாரு, அதுக்கு முந்துன வாரமே பேசி முடிச்சிட்டாங்க. தீபாவளி கழிச்சு சாவி குடுக்கணும்."

"கடைசித் தீபாவளிய நீங்களே ஓட்டியிருக்கலாமேண்ணே" என்றேன்.

"ஓட்டியிருந்தா எனக்கு அது கடைசிப் படம். ஒனக்கு அது மொதப் படம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ வாங்கியிருக்க மாட்ட." எழுந்து என்னுடன் ஆட்டோ வரை வந்தார். "இன்டர்வெல் விடுற நேரம். ஓனர் அங்க இருக்கணும். போ."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். தெருவில் பிள்ளைகள் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அவருடைய தியேட்டர் இருந்த இடத்தில் ஒரு ஜவுளிக்கடை எழும்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் தியேட்டர் ஓடுகிறது, சில வாரங்கள் கூட்டத்தோடு, பல வாரங்கள் பாதி நாற்காலி காலியாக. தம்பி விற்கச் சொல்வதை நிறுத்திவிட்டான். தனக்கு இனி வரவே வராத ஒரு நாளை, முகம் கொடுத்துப் பேசாத ஒருவரின் மனைவிக்கு அந்த மனிதரால் கொடுக்க முடிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், யாரையும் நமக்கு ஆகாதவர் என்று முடிவுகட்ட எனக்கு மனம் வருவதில்லை.